கேட் எக்ஸ்.இ., எம்டெக் இன்டர்வியூ: தெர்மோபிளாஸ்டிக் காம்போசிட்ட நான் படிச்ச விதம்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துல இருந்து எம்டெக் சேர கேட் எழுதப் போற தம்பி தங்கைங்க காம்போசிட் (பாலிமர்ல ஃபைபர பதிச்சு செய்யற பொருள்) எப்படி படிக்கறதுன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடறேன். நான் எழுதினது எக்ஸ்.இ., அதாவது கேட்ல இன்ஜினியரிங் சயின்சஸ் பேப்பர், அதுல எடுத்தது சாலிட் மெக்கானிக்ஸ், பாலிமர். ரெண்டுக்கும் தலா 35 மார்க், மேத்ஸ் 15, ஆப்டிட்யூட் 15. ஆனா விமான பார்ட்ஸுக்கான தெர்மோபிளாஸ்டிக் காம்போசிட் எனக்கு நிஜமா கை கொடுத்தது எம்டெக் இன்டர்வியூலதான்.

எந்த நோட்ஸ வேணா எடுத்துப் பாருங்க, எபாக்ஸிக்கு (ஒருதடவ இறுகினா திரும்ப உருகாத பிசின்) பக்கம் பக்கமா இருக்கும், தெர்மோபிளாஸ்டிக்னு வந்தா "திரும்ப உருக்கலாம், ரீசைக்கிள் பண்ணலாம்"னு ரெண்டு வரில முடிச்சிருவாங்க. அந்த "திரும்ப உருகும்"ல இருந்துதான் மத்த எல்லாமே வருது, அதனால அங்கதான் உக்காந்து படிக்கணும்.

ஒரு தாள் எடுத்து குறுக்க டைம், நெடுக்க டெம்பரேச்சர் போடுங்க. பீக்னு ஒரு பாலிமர் இருக்குல்ல, அதுக்கு 143 டிகிரில ஒரு கோடு, அது கிளாஸ் டிரான்சிஷன், அதுக்கு மேல போனா பாலிமர் விறைப்பு விட்டு இளகும், 343ல இன்னொரு கோடு, அது உருகற இடம். இப்ப ஒரு பார்ட் உருவாகறத அதுமேல வரைஞ்சுட்டே போங்க. கிட்டத்தட்ட 380, 400 வரைக்கும் ஏத்தணும், அவ்ளோ சூட்டுலயும் அது எபாக்ஸி மாதிரி தண்ணியா ஓடாது, விஸ்காசிட்டி ரொம்ப அதிகம், ஃபைபருக்கு நடுவுல தானா இறங்காது, அதனாலதான் ஏற்கனவே பாலிமர் இறக்கின டேப்பாவோ ஷீட்டாவோ வாங்கி சூடேத்தி அழுத்தறாங்க. அப்புறம் ஆறுறது, இதுதான் முக்கியமான இடம். ஊட்டில சாக்லேட் போடறவங்கள கேட்டுப் பாருங்க, ஆற வைக்கற பக்குவத்துலதான் அது டக்குனு உடையுமா கொழகொழன்னு போகுமான்னு இருக்கு, உள்ள கிரிஸ்டல் எப்படி கட்டுதுங்கறதுதான் விஷயம். பீக்கும் அப்படித்தான். மெதுவா ஆறினா கிரிஸ்டல் கூடும், விறைப்பும் கெமிக்கல தாங்கற சக்தியும் ஏறும், டஃப்னஸ் கொஞ்சம் இறங்கும். வேகமா ஆறினா நேர் எதிர். இந்த ஒரு படத்த வச்சே பாதி கேள்விக்கு பதில் சொல்லிடலாம். பி.இ.ஐ.ன்னு இன்னொரு தெர்மோபிளாஸ்டிக் இருக்கு, அதுக்கு கிரிஸ்டலே கிடையாது, அதனால உருகற கோடும் இல்ல, 217ல கிளாஸ் டிரான்சிஷன் மட்டும்தான்.

கணக்கு கண்டிப்பா கையால போடுங்க. விறைப்பு (மாடுலஸ்) கார்பன் ஃபைபருக்கு 230 கிகாபாஸ்கல், பீக்குக்கு 3.6, பார்ட்டோட கன அளவுல ஃபைபர் 60 சதவீதம்னு வைங்க. ஃபைபர் போற திசைல 0.6 × 230 + 0.4 × 3.6, சுமார் 139. குறுக்க தலைகீழ் ஃபார்முலா, அதாவது 1 ÷ (0.6/230 + 0.4/3.6), போட்டா வெறும் 8.8தான் வரும். இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஏன் லேயர திசை மாத்தி மாத்தி அடுக்கறாங்கன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். அடர்த்தி 1.6 கிட்ட வரும், அலுமினியம் 2.7, எடை எங்க குறையுதுன்னு அதுலயே தெரியும்.

உதாரணம் ரெண்டு போதும், ஆனா காரணத்தோட தெரிஞ்சிருக்கணும். ஏர்பஸ் ஏ380 இறக்கையோட முன் விளிம்பு கிளாஸ் ஃபைபர் – பி.பி.எஸ். (இதுவும் ஒரு தெர்மோபிளாஸ்டிக்), கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 வால் பகுதில ரட்டர், எலிவேட்டர் கார்பன் – பி.பி.எஸ்., ரெண்டுலயும் வெல்டிங்தான். எபாக்ஸி ஒருதடவ க்யூர் ஆயிட்டா உருகாது, ஒட்டணும் இல்லேன்னா ஓட்டை போட்டு ரிவெட் அடிக்கணும், ஓட்டை போட்டா ஃபைபர் அறுபடும். இங்க இணைப்ப மட்டும் சூடாக்கி சேத்துடறாங்க. எபாக்ஸி பிரிப்ரெக்க (பிசின் ஏற்கனவே இறக்கின, இன்னும் இறுகாத ஃபைபர் ஷீட்ட) மைனஸ் 18ல ஃப்ரீசர்ல வைக்கணும், இதுக்கு அதெல்லாம் வேண்டாம்.

நம்ம பக்கம் மழைக்காலத்துல கரண்டும் நெட்டும் எப்ப போகும்னு சொல்ல முடியாது, என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி. ஆன்லைன் பாடம்) வீடியோவ முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. சென்டர் கோயம்புத்தூர்ல விழுந்தா முந்தின நாளே கீழ இறங்கிடுங்க, பிப்ரவரி பனில காலைல பஸ்ஸ நம்பி கிளம்பாதீங்க.

இன்டர்வியூல கடைசியா என்கிட்ட கேட்டது, "இவ்ளோ நல்லதுன்னா ஏன் எல்லா விமானமும் இதுலயே செய்யல?" போயிங் 787 எடைல பாதி காம்போசிட்தான், ஆனா அதுல பெரும்பகுதி எபாக்ஸி. பீக் விலை அதிகம், 400 டிகிரி தாங்கற மோல்டு வேணும், பெரிய பார்ட்ட முழுக்க ஒரே மாதிரி ஆற வைக்கறது கஷ்டம், அதுக்கு மேல எபாக்ஸிக்கு பல வருஷ டெஸ்ட் டேட்டா கைல இருக்கு. இந்த நாலையும் அந்த டெம்பரேச்சர் படத்த வரைஞ்சு காட்டிட்டே சொன்னேன், அதுக்கப்புறம் அவங்க கேட்டதெல்லாம் அந்தப் படத்துல இருந்துதான்.