கட்டுப் பிரிக்கும் வரை

செப்டம்பர் 16, செவ்வாய்

மலேசிய தினம், விடுமுறை. அம்மா நேற்றிரவும் தூங்கவில்லை. கட்டுப்போட்ட வலது கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தும் வீக்கம் விரல்களை விட்டுப் போக மறுக்கிறது. பசியாற இட்லி கேட்டார். குளிர்ப்பெட்டியில் கடை மாவுப் பொட்டலம் இருந்தது, ஊற்றி அவித்துக் கொடுத்தேன். பாதி இட்லியில் நிறுத்திவிட்டு, "எந்த நாள் தின்றாலும் ஒரே ருசி" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. எனக்குத்தான் அது மனதில் தங்கிவிட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

அண்ணன் இன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 20, சனி

அலமாரி மேலிருந்து கிரைண்டரை இறக்கினேன். அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து விமானத்தில் கொண்டுவந்தது. மின்னழுத்தம் இங்கேயும் அங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான், செருகிதான் வேறு. உருண்டை முனையை வெட்டிவிட்டு நம் சதுர முனையை மாட்டித் தந்தவர் கீழ்த்தளத்து மின்வேலைக்காரர்.

இட்லி அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு கரண்டி வெந்தயம். அம்மா அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "உளுந்தை முதலில் போடு. தண்ணீரை ஊற்றாதே, தெளி." மிக்ஸி வேகமாகச் சுற்றி மாவைச் சூடாக்கிவிடும், கல் மெதுவாக அரைப்பதால் மாவு குளிர்ந்தே இருக்கும், காற்றும் உள்ளே போகும் என்று எனக்குத் தெரியாததைப் போலச் சொன்னார். கேட்டுக்கொண்டேன். அரைத்த உளுந்தில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டபோது மிதந்தது.

கிரைண்டரை விட்டு நகரவும் முடியாது, அதன் முன் நின்றுகொண்டே இருக்கவும் தேவையில்லை. அந்த அரைமணி நேரத்தில் தையல் வளையத்தை எடுத்தேன். அம்மாவின் கோல நோட்டிலிருந்து ஏழு புள்ளிச் சிக்குக் கோலம், கருநீலத் துணியில் வெள்ளை நூல். நூலில் ஆறு இழை, அதிலிருந்து இரண்டை மட்டும் பிரித்தெடுத்துக் காம்புத் தையல். வளைவுகளுக்கு அதுதான் படிகிறது. நடுப்புள்ளிக்கு அருகில் கோடு மேலே போகிறதா கீழே போகிறதா என்று நோட்டில் தெளிவாக இல்லை. எண்ணெய்க் கறை.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருக்கிறது! பினாங்கின் இரவுச் சூட்டில் ஆறேழு மணி நேரம் போதும். புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும் வருகின்றன, நம் வேலை அவற்றுக்கு இடம் கொடுப்பது மட்டும். அம்மா நான்கு இட்லி தின்றார். இடது கையால்.

செப்டம்பர் 22, திங்கள்

நவராத்திரி தொடக்கம். வேலை முடிந்து லெபோ குவீனில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். 1833-லிருந்து அங்கே நிற்கும் கோயில், எங்கள் பாட்டி காலத்து வேண்டுதல்கூட அங்கே ஒன்று பாக்கி இருப்பதாக அம்மா சொல்வார்.

திரும்பி வந்தபோது எதிர்வீட்டு வாசலில் ஒட்டுக் கோலம். பளபளக்கும் தாமரை, சுற்றிலும் மயில். அம்மா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அடுக்குமாடியில் மாவுக் கோலம் போட்டால் எறும்பு வரும், காலையில் துடைக்கிறவர் துடைத்துவிட்டுப் போவார். எதிர்வீட்டுக்காரிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. விடிந்து வீடு வருகிறவளுக்கு வாசலில் ஒரு மலர் இருப்பது நல்லதுதான். நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அம்மாவும் பேசவில்லை. உள்ளே வந்து, சுண்ணக்கட்டியை இடது கையில் பிடித்து, பூசை அறைத் தரையில் புள்ளி வைக்கத் தொடங்கினார். வரிசை சரிந்தது. அழித்துவிட்டு மீண்டும் வைத்தார். கோடு இழுக்கவில்லை. புள்ளிகள் மட்டும் இப்போதும் இருக்கின்றன, மிதிக்காமல் சுற்றிப் போகிறோம்.

செப்டம்பர் 25, வியாழன்

பாயான் லெப்பாசில் வேலை முடிந்து வீடு வர எட்டு மணி ஆகிவிட்டது. செயலியில் நாசி கண்டார், சோறும் கறிக்குழம்பும், சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சாப்பாடு அருமை. சமைக்கவில்லையே என்ற வருத்தம் துளியும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன், அது என்னை விடவில்லை. உணவுக்காரர் எங்கே வருகிறார் என்று வரைபடத்தைப் பார்த்தபடியே இருந்தேன். வளையம் பக்கத்தில் கிடந்தது. மிச்சமான நேரம் கைப்பேசிக்குள் போய்விட்டது. அரைக்கிற நாளில் ஊசி நகர்கிறது, வாங்குகிற நாளில் நகர்வதில்லை. நேரம் கூடினால் தையல் கூடும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், என் வீட்டில் அப்படி நடக்கவில்லை. ஊறவைப்பது, அரைப்பது, புளிப்பது, சுண்டுவது என்று சமையலுக்குள்ளேயே காத்திருப்பு இருக்கிறது. அந்த இடைவெளிகளில்தான் என் துணி வளர்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "ஷிப்டில் எனக்கு இடைவெளியே இருந்ததில்லை" என்றார். பாயான் லெப்பாஸ் தொழில் மண்டலம் 1972-இல் தொடங்கியது, அம்மா எண்பதுகளில் அங்கே நுண்ணோக்கி முன் உட்கார்ந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை இணைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் மூன்று பேர். கோல நோட்டு அந்தக் காலத்தில்தான் நிரம்பியது. எப்போது எழுதினார் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

செப்டம்பர் 27, சனி

சௌராஸ்டா சந்தை. தேங்காய்க்காரர் ஓட்டை உடைத்துத் தோலைச் சீவி இயந்திரத்தில் போட்டார், நிமிடத்தில் துருவல். கேட்டால் பாலும் பிழிந்து பையில் கட்டித் தருவார். துருவலோடு வந்தேன். அம்மாவின் அம்மா தோட்டத்து லயத்தில் இருந்தபோதே மிளகாயையும் மல்லியையும் மில்லுக்குத்தான் கொடுத்தனுப்புவாராம். அம்மியை ரசத்துக்கும் துவையலுக்கும் மட்டும் வைத்துக்கொண்டாராம். எதை விடுவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று அந்தப் பெண்கள் அன்றே தீர்த்துவிட்டார்கள். தேங்காய் துருவுவதில் எனக்குக் கற்க ஒன்றும் இல்லை, தோள்தான் வலிக்கும். தாளிக்கும்போது கடுகு எந்த நொடியில் போதும் என்று முடிவெடுப்பது வேறு. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

கெம்போங் மீன், ஊரில் கானாங்கெளுத்தி என்பார்கள், புதிதாக இருந்தது. புளிக்குழம்பு. குழம்பு சுண்டும்வரை நான்கு வளைவு தைத்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சுண்டுவிரல் மடங்கவில்லை. கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களைத் தினமும் மடக்கி நீட்டச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவை வருகின்றன, சுண்டுவிரல் மட்டும் விறைத்து நிற்கிறது. வலிக்கிறது என்று அம்மா அதைத் தவிர்க்கிறார், தவிர்ப்பதால் இன்னும் இறுகுகிறது. நான் பிடித்து மடக்கலாமா, கூடாதா? யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு பதில். சுண்டுவிரல்தானே என்கிறாள் உடன் வேலை செய்பவள். அம்மா கோலமாவை இரண்டு விரல்களுக்கு நடுவில் வழியவிடும்போது சுண்டுவிரல் தனியே உயர்ந்து நிற்கும், கையே அதன்மேல்தான் நிதானம் கொள்ளும். முறுக்கு சுற்றும்போதும் அப்படித்தான். இதை எப்படி அவளுக்குச் சொல்வது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து வெளிச்சம் போடாமல் அந்த விரலைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. சூடாக இருப்பது நல்லதா?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. கிரைண்டர், கத்தரிக்கோல், ஊசிப் பெட்டி, அகப்பை, என் மடிக்கணினி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அம்மா என் கைப்பேசியையும் கேட்டு வாங்கி வைத்தார். "அதுவும் சோறு போடுகிறது" என்றார். பிறகு தன் கட்டுப்போட்ட கையை அந்த வரிசையில் நீட்டினார். அதற்கும் பொட்டு வைத்தேன். இருவரும் பேசவில்லை.

சுண்டல் கொஞ்சம் உப்புத் தூக்கல்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. அண்ணனுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

கோலத்தைத் துணியோடு கொடுத்தால் கணினித் தையல் இயந்திரம் அரைமணியில் முடித்துவிடும் என்று அலுவலகத்தில் காட்டினார்கள். உண்மைதான், நேர்த்தியாகவும் இருக்கும். தாம்பாள விரிப்பு நாற்பது வேண்டுமென்றால் அதைத்தான் செய்வேன். இதில் எனக்கு வேண்டியது அந்தக் கோடு எப்படிப் போகிறது என்பது.

இன்றைக்குத் தெரிந்துவிட்டது! ஒரே கோடு இல்லை. மூன்று தனி வளையங்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஒரே கோடு போலத் தெரிகின்றன. நூலைத் தொடர்ந்து போனதால்தான் பிடிபட்டது, புறப்பட்ட இடத்துக்கே ஊசி வந்து நின்றது, துணியில் பாதிக்கு மேல் மிச்சம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1974-இல் கோலத்தைக் கணினி அறிவியல் ஆய்வாகவே வெளியிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். கோலம் எவ்வளவு கணக்கு என்று இன்று விரலில் உணர்ந்தேன். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மூன்றுதான். உங்கள் மூன்று பேருக்காகப் போட்டது" என்றார்.

அண்ணன் வளையம் எது என்று கேட்க வாய் வரவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

கனமழை. துணி காயவில்லை. கடை மாவுத் தோசை, பொடி. போதும்.

அக்டோபர் 12, ஞாயிறு

நாளை காலை கட்டுப் பிரிக்கிறார்கள். பத்து மணிக்கு. அம்மா இப்போதே தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். தீபாவளிக்கு எட்டு நாள்தான். அதிரசம் கடையில் வாங்கிக்கொள்வோம் என்று அவரே சொன்னார், முறுக்கு மட்டும் வீட்டில். நான் பிழிய வேண்டும், அவர் பதம் சொல்வார். விரலைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது அண்ணனிடமிருந்து குறுஞ்செய்தி: டிக்கெட் எடுத்தாயிற்று. எத்தனை பேருக்கு என்று எழுதவில்லை. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.

முறுக்கு அச்சு எதிர்வீட்டில் இருக்கிறது, அவள் பணிக்குக் கிளம்புவதற்குள் போய் வாங்க வேண்டும்.