அலமாரி மேல ஒரு தக்கு மிருதங்கம்

நான் மிருதங்கம் வாசிக்கிறவ. போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் கேப்ல வந்துட்டு இருக்கேன், ஒரு சபா செக்ரட்டரி போன் பண்ணாரு. "நவராத்திரிக்கு லேடீஸ் கச்சேரி ஒன்னு போடுறோம்மா, பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் எல்லாமே லேடீஸ், நல்லா இருக்கும்ல"ன்னாரு. நல்லா தான் இருக்கும். போன வருஷமும் நல்லா தான் இருந்துச்சு, அதுக்கு முந்தின வருஷமும். நாலு பேரும் ஒரே கலர்ல பட்டுப்புடவை கட்டிட்டு வரணும்னு வேற சொல்வாங்க, போட்டோ நல்லா வருமாம். சரி சார்னு சொல்லிட்டு, டிசம்பர் சங்கீத சீசன்ல ஏதாவது இருக்கான்னு கேட்டேன். "அது பாடுறவங்க தானேம்மா சொல்லணும், நாங்க என்ன பண்றது"ன்னாரு. பாடுறவங்கள கேட்டா "சபால தான் பக்கவாத்தியம் போடுறாங்க"ன்னு சொல்வாங்க. பதினஞ்சு வருஷமா இந்த ரெண்டு பதிலுக்கு நடுவுல தான் நான் பந்து மாதிரி போயிட்டு வந்துட்டு இருக்கேன்.

என் போன் ரெண்டு சீசன்ல அடிக்கும். ஒன்னு நவராத்திரி, இன்னொன்னு மார்ச் 8, மகளிர் தினம். மத்த நாள்ல நான் ஐடி கம்பெனில டெஸ்டிங் டீம்ல இருக்கிற ஒரு சாதாரண பொண்ணு.

மிருதங்கம் தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும், இது தெரியலன்னா மேல நான் புலம்புறது புரியாது. கீபோர்டு மாதிரி எந்த ஸ்ருதிக்கு வேணும்னாலும் ஒரே மிருதங்கத்த வெச்சு ஓட்ட முடியாது. ஸ்ருதிய கட்டைன்னு தான் அளப்போம். ஆம்பளைங்க பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரை கட்டைல பாடுவாங்க, அதுக்கு கொஞ்சம் நீளமான மிருதங்கம் வேணும், அத தக்கு மிருதங்கம்னு சொல்வோம். பெண்கள் பாடுறது அஞ்சு, அஞ்சரை கட்டை, அதுக்கு நீளம் கம்மியா ஹெச்சு மிருதங்கம். கச்சேரி வாசிக்கிறவங்க வீட்ல ரெண்டு வகையும் இருக்கும். எனக்கு ஆல் இந்தியா ரேடியோல பி-ஹை கிரேடு வந்த வருஷம், 2014, முதல் போனஸ் பணத்துல ஆசை ஆசையா ஒரு தக்கு வாங்கினேன். பலாக்கட்டை, நல்ல கனம், தொப்பில, அதான் இடது பக்கத்து தோல்ல, ரவைய பிசைஞ்சு ஒட்டிட்டு ஒரு தட்டு தட்டினா வயித்துக்குள்ள கேக்கும். அது இப்ப அலமாரி மேல, உறை போட்டு, அம்மாவோட பழைய சூட்கேஸ் பக்கத்துல இருக்கு. ஏன்னா என்னை கூப்பிடுற எல்லாரும் அஞ்சு கட்டை.

ரேடியோ ஆடிஷன் எனக்கு பிடிச்சதுக்கு காரணமே அங்க என் முகத்த யாரும் பாக்கல, வாசிச்சத மட்டும் தான் கேட்டாங்க. மேடைல அப்படி இல்ல. தனி ஆவர்த்தனம், அதான் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற பகுதி, அது இருந்த கச்சேரி முடிஞ்சு கீழ இறங்கினா ஒரு மாமா கண்டிப்பா வருவாரு, "கண்ண மூடிட்டு கேட்டேன்மா, ஆம்பள வாசிக்கிற மாதிரியே இருந்துச்சு"ம்பாரு. மனசார பாராட்டுறாரு, அதனால திட்டவும் முடியல. தேங்க்ஸ் மாமான்னு சொல்லிட்டு வர வேண்டியது தான்.

ஒரே ஒரு தடவ தக்கு வெளிய வர இருந்துச்சு. ஒரு பையன், நல்ல பாட்டுக்காரன், அவனுக்கு டிசம்பர்ல மதியம் ரெண்டு மணி ஸ்லாட் கிடைச்சுது, அவனே என்னை கூப்பிட்டான். மூணு நாள் உக்காந்து ரிகர்சல் பாத்தோம், கண்ட சாப்பு தாளத்துல ஒரு பல்லவி, ராத்திரி தூங்கும்போது கூட விரல் தலகாணில ஓடிட்டு இருந்துச்சு. முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்கு போன். "அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, வயலின் சார் கொஞ்சம் யோசிக்கிறாரு"ன்னான். என்ன யோசிக்கிறாருன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல. என்னை விட எட்டு வயசு சின்ன பையன் ஒருத்தன் வந்து வாசிச்சான், அவன் மேல எனக்கு ஒன்னும் கோவம் இல்ல, நல்லா தான் வாசிப்பான். லீவு போட்டாச்சேன்னு நானும் போனேன், ஆனா ஹாலுக்குள்ள போக மனசு வரல, கேன்டீன்ல உக்காந்து அசோகா அல்வா சாப்பிட்டேன். அன்னிக்கு தனி சமயத்துல எழுந்து கேன்டீனுக்கு ஓடி வந்த கூட்டத்த பாத்து முதல் தடவையா எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, அல்பம் தான், என்ன பண்றது.

"எல்லாம் மாறிடுச்சே, இப்ப எவ்ளோ லேடீஸ் பாடுறாங்க"ன்னு சொல்றவங்க தான் அதிகம். பாடுறாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா மாற்றம் எவ்ளோ மெதுவா வந்துச்சுன்னு பாருங்க. மியூசிக் அகாடமி ஆரம்பிச்சது 1928, அவங்க குடுக்கிற பெரிய விருதான சங்கீத கலாநிதி ஒரு பெண்ணுக்கு முதல்ல போனது 1968ல, அதுவும் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு. வயலின்ல ஒரு பெண்ணுக்கு முதல்ல போனது 2016ல, கன்யாகுமரி அம்மாவுக்கு. தாள வாத்தியம் வாசிக்கிற பெண்ணுக்கு இன்னும் போகல. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ரொம்ப காலம் பாடுற பெண்களுக்கு வாசிக்காம இருந்துட்டு அப்புறம் பாடகி டி.கே.பட்டம்மாளுக்கு தான் முதல்ல வாசிச்சாரு, பின்னாடி ரெண்டு குடும்பமும் சம்பந்தியாவே ஆனாங்க. அவர் வாசிப்ப கேட்டு தான் தாளத்த வாயால சொல்ற சொல்லுக்கட்டே நான் கத்துக்கிட்டேன், அதனால இத எழுதும்போது கை கொஞ்சம் தயங்குது, ஆனாலும் எழுதணும்ல.

பொம்பளைங்க மிருதங்கம் வாசிக்கிறது ஏதோ புது பேஷன்னு நெனக்கிறவங்களுக்கு திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள்னு ஒருத்தர் இருந்தாங்கன்னே தெரியாது. 1910ல பிறந்தவங்க, மிருதங்கம் வாசிச்ச புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையோட சிஷ்யை. என் வாத்தியார் கூட அவங்க பேர எனக்கு சொன்னதில்ல, நானா பெரியவளான அப்புறம் தேடி தெரிஞ்சுக்கிட்டது. எட்டு வயசுல தெரிஞ்சிருந்தா "பொம்பள கைல நாதம் வராது"ன்னு பக்கத்து வீட்டு தாத்தா சொன்னப்ப ஒரு பதிலாவது சொல்லியிருப்பேன்.

கடம் சுகன்யா ராம்கோபால் அம்மா கதை இன்னொன்னு. பெண் கூட உக்காந்து வாசிக்க மாட்டேன்னு மிருதங்கக்காரங்க சொன்னத அவங்களே பேட்டில சொல்லியிருக்காங்க. அப்புறம் ஸ்த்ரீ தால் தரங்குன்னு பெண்கள் மட்டும் வாசிக்கிற தாள வாத்திய குழு ஆரம்பிச்சாங்க. அதையும் என்னோட நவராத்திரி லேடீஸ் கச்சேரியையும் ஒன்னா போட்டு பேசாதீங்க, ரொம்ப எரிச்சலா வரும். அவங்க ஆரம்பிச்சது அவங்க குழு, என்ன வாசிக்கணும்னு அவங்க முடிவு பண்ணாங்க. எனக்கு கிடைக்கிறது பஸ்ல லேடீஸ் சீட் மாதிரி, அங்க உக்காந்தாச்சுன்னா மத்த சீட் உனக்கு இல்லன்னு அர்த்தம்.

இப்படி பொங்கிட்டு போன வாரம் மூட்டு, அதான் மிருதங்கத்தோட வாய்ல கட்டுற தோல் மூடி, மாத்த போனேன். எனக்கு வேலை செஞ்சு தர்ற அண்ணன் கடை ஒரு சந்துக்குள்ள இருக்கு, உள்ள போனாலே ஊற வெச்ச தோல் வாசனை தூக்கும். அத இழுத்து கட்டுற தோல் வார இழுக்கும்போது கால் ரெண்டையும் கட்டைல உதைச்சுக்கிட்டு முழு உடம்பையும் பின்னாடி சாய்ப்பாரு, நரம்பு புடைச்சுக்கிட்டு நிக்கும், அந்த கைய பாத்துட்டு என் விரல்ல இருக்கிற காய்ப்ப பத்தி பேச வெக்கமா இருக்கும். கரணை, அதான் தோல் நடுவுல இருக்கிற கருப்பு வட்டம், அத போடுறது அதுக்கு மேல, சோத்துப் பசையும் கிட்டக்கல் பொடியும் சேத்து பிசைஞ்சு துளி துளியா தடவி, ஒவ்வொரு தடவையும் கல்லால தேய்ச்சு, அப்படியே அடுக்கு அடுக்கா. போன்ல ட்யூனர் ஆப் வெச்சு காட்டினேன், அதுக்கு முன்னாடியே "இன்னும் ஒரு முடி ஏறணும்மா"ன்னாரு, ஆப்பும் அதத்தான் சொல்லுச்சு.

மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூணும் இல்லாம மிருதங்கம் கிடையாது. தோல் வேலை பண்றவங்க பெரும்பாலும் தலித் கிறிஸ்தவ குடும்பங்கள். மணி ஐயருக்கு செஞ்சு குடுத்த பர்லாந்து மாதிரி ஆளுங்கள பத்தி 2020ல பாடகர் டி.எம்.கிருஷ்ணா "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்"னு ஒரு புத்தகமே எழுதினாரு, அத வெளியிட குடுத்த இடத்த சென்னை கலாக்ஷேத்ரா நடனப் பள்ளி கடைசி நேரத்துல வாபஸ் வாங்கிடுச்சு, வேற இடத்துல நடந்துச்சு. அத நியூஸ்ல படிச்சப்ப தான், இவ்ளோ வருஷத்துல அண்ணன ஒரு கச்சேரிக்கு கூட கூப்பிட்டதில்லையேன்னு எனக்கு உறைச்சுது. அவர் பேர கூட கேட்டதில்ல, போன்ல "மிருதங்கம் அண்ணன்"னு தான் சேவ் பண்ணி வெச்சிருக்கேன்.

இந்த தடவ கேட்டேன், உங்க வீட்ல யாராவது வாசிப்பாங்களாண்ணான்னு. "தம்பி ஆசப்பட்டான்மா, ஒருத்தர்கிட்ட கொண்டு போய் விட்டோம். மூட்டு மாத்த ஆள் வேணும்னா இருக்கட்டும்னாரு"ன்னு சிரிச்சாரு. எனக்கு சிரிப்பு வரல. வயலின் சார் யோசிக்கிறாருன்னு எனக்கு சொல்ல ராத்திரி ஒன்பதரைக்காவது ஒரு போன் வந்துச்சு.

டிசம்பர்ல கச்சேரிக்கு வாங்கண்ணான்னு சொல்ல வாய் திறந்தேன், அப்புறம் தான் டிசம்பர்ல எனக்கே கச்சேரி இல்லன்னு ஞாபகம் வந்துச்சு. நவராத்திரிக்கு வாங்கன்னு சொன்னேன். "பாப்போம்மா, அந்த நேரம் சீசன் வேலை நெறைய வந்துடும்"ன்னாரு. ஹெச்ச உறைல போட்டு கைல குடுத்துட்டு, "ஆமா, ஒரு தக்கு வாங்கிட்டு போனீங்களே, 2014லயா, அதுக்கு மூட்டு மாத்தவே வரலையே? வேற யார்கிட்டயாவது குடுக்குறீங்களா?"ன்னு கேட்டாரு.

கச்சேரி பண்றவங்களுக்கு மூட்டு சில மாசத்துலயே போயிடும், அது அவருக்கு என்னை விட நல்லா தெரியும். இல்லண்ணா, அதே மூட்டு தான் இன்னும் இருக்குன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னை பாத்தாரு, அப்புறம் "கொண்டு வாங்கம்மா, சும்மாவே வெச்சா தோல் செத்துடும், நான் வார் தளத்தி வெக்கிறேன்"ன்னாரு.