தீமிதி வீடியோவும் சிவப்புத் திரையும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் கோயில் தீமிதி. இரண்டு சோனி கேமரா, ஒரு கைத்தொலைபேசி. கோயிலிலேயே மடிக்கணினியில் பிரீமியர் புரோ என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் தொடங்கிய எடிட்டை, பட்டணத்துக் கடைவீட்டுக் கணினியில் திறந்தால் டைம்லைன் முழுக்க, கோப்பைக் காணவில்லை என்று சொல்லும் ‘மீடியா ஆஃப்லைன்’ சிவப்புத் திரை.

உடனே ‘லொகேட்’ அழுத்தாதீர்கள். கூடவே திறக்கும் லிங்க் மீடியா பெட்டியில் ‘ஃபைல் பாத்’ என்ன சொல்கிறது என்று முதலில் படியுங்கள். கோப்பின் முழு முகவரியையும் பிராஜெக்ட் நினைவில் வைத்திருக்கும். மடிக்கணினியில் ‘இ’ டிரைவாக இருந்த ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ் முந்திக்கொண்டதால் இங்கே ‘எஃப்’ ஆகிவிட்டது. பிராஜெக்ட்டை மூடி, பென்டிரைவைக் கழற்றி, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’ போய்ப் பழைய எழுத்தைக் கொடுத்ததும் பெரும்பாலான கிளிப்புகள் தாமாகவே திரும்பின. புதிய வேலை என்றால் தொடக்கத்திலேயே எல்லாக் கணினியிலும் ‘வி’ போல ஒரு கடைசி எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் முன்னெழுத்துகளைத்தான் முதலில் பங்கிடும்.

பாத்தில் கேமரா கார்டின் எழுத்து தெரிந்தால், அந்தக் கிளிப்பை யாரும் நகலெடுக்காமலே விட்டிருக்கலாம். கார்டை ஃபார்மட் செய்யவிடாமல் தடுப்பதுதான் முதல் வேலை.

உண்மையான ஆபத்து, சிவப்பு மறைந்த பிறகு வருவது. கேமராவில் கோப்பு எண் அமைப்பை ‘ரீசெட்’டில் வைத்திருந்தால், ஃபார்மட் செய்த ஒவ்வொரு கார்டும் மறுபடி சி0001 என்றே தொடங்கும். ஆக இரண்டு கேமராவிலும் ஒரு சி0012.எம்பி4 இருக்கும். ‘ரீலிங்க் அதர்ஸ் ஆட்டோமேட்டிக்கலி’ டிக் இருந்தால், பெயர் ஒத்துப்போவதைப் பார்த்து மென்பொருள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இணைத்துவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. கரகம் எடுத்தவர் பூக்குழியில் கால் வைக்கும் இடத்தில் உருமி மேளக்காரர்கள் நிற்பார்கள். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த டிக்கை எடுத்துவிட்டு, ‘மேட்ச் ஃபைல் பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘மீடியா ஸ்டார்ட்’டையும், அதாவது கிளிப் தொடங்கும் டைம்கோடையும் (கேமரா பதியும் நேர எண்), சேர்த்து, கார்டு கார்டாக இணையுங்கள். டைம்கோடு வேறாக இருந்தால் குழப்பம் வராது. முதல் கிளிப் மட்டும் இரண்டு கேமராவிலும் பூஜ்ஜியத்தில் தொடங்கியிருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்தே உறுதி செய்யுங்கள். அடுத்த முறை, இம்போர்ட்டுக்கு முன்பே பெயருக்கு முன்னால் ‘ஏ’, ‘பி’ என்று சேர்த்துவிடலாம். இம்போர்ட்டுக்குப் பின் பெயரை மாற்றினால் மறுபடி சிவப்புதான்.

கைத்தொலைபேசிக் கிளிப்புகள் கடைசிவரை அடம்பிடித்தன. ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) ஏறி இறங்குகிறது என்று யாரோ நிலையான 25க்கு மாற்றிக் கொடுத்த கோப்புகள் அவை. மாற்றும்போது ஒரு சேனல் மோனோ ஒலி, இரண்டு சேனல் ஸ்டீரியோ ஆகியிருந்தது. ஒலிச் சேனல் எண்ணிக்கை பொருந்தாவிட்டால், பெயர் சரியாக இருந்தாலும் பிரீமியர் இணைக்க மறுக்கும். மூலக் கோப்பிலிருந்து மோனோவாகவே திரும்ப மாற்றியதும் இணைந்தன. வாட்ஸ்அப்பில் வந்த நகலை இதற்கு நம்பாதீர்கள், அதில் பெயரும் தரமும் இரண்டுமே மாறியிருக்கலாம்.