பங்காளிகள் காத்த எல்ட்ஸ் கோட்டை

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையிலுள்ள மோசல்கெர்ன் என்னும் சிற்றூரிலிருந்து எல்ஸ் ஓடையை ஒட்டிய காட்டுப் பாதையில் நடந்தால், மூன்று பக்கமும் ஓடை வளைந்தோடும் பாறையின்மேல் எல்ட்ஸ் கோட்டையைக் காணலாம். குறுகிய முற்றத்தைச் சுற்றி, வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு கூரைகளோடு, தோளோடு தோள் உரச நிற்கும் வீடுகளின் கூட்டம் அது. பழைய 500 மார்க் நோட்டின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்ததும் இக்கோட்டைதான்.

புனித ரோமானியப் பேரரசர் ஃபிரெடெரிக் பார்பரோசாவின் 1157ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் ருடால்ஃப் என்னும் எல்ட்ஸ் குடும்பத்தவர் சாட்சியாக இடம்பெறுகிறார். குடும்பம் பெருகியபோது எலியாஸ், வில்ஹெல்ம், தியோடெரிக் என்னும் மூன்று சகோதரர்கள் 1268இல் பாகம் பிரித்துக்கொண்டனர். பொன் சிங்கம், வெள்ளிச் சிங்கம், எருமைக் கொம்பு எனச் சின்னங்கள் மூன்றாயின. ஆனால் மதிலும் வாயிலும் முற்றமும் பொதுவாகவே இருந்தன. அந்தந்தக் கிளை தன் பங்கில் தன் வசதிக்கேற்ப வீடு கட்டி உயர்த்தியதால்தான் கோட்டைக்கு இந்த ஒழுங்கற்ற அழகு வாய்த்தது. பங்காளிகள் கூடிப் பேசும் பொதுக்கூடத்தின் சுவரில் கோமாளி முகங்களும் கதவுக்கு மேலே ஒரு ரோஜாவும் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே எதையும் மனம்விட்டுப் பேசலாம், பேசியது வாசலைத் தாண்டக்கூடாது என்பது அவற்றின் பொருள். ஒரு குடும்பம் உடையாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

வெளியிலிருந்து ஆபத்து 1331இல் வந்தது. சுற்றுவட்டாரத்துச் சிறு பிரபுக்களைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவர முனைந்தவர், டிரியர் நகரின் பேராயரும் அப்பகுதியின் ஆட்சியாளருமான பால்டுவின். அவர் எதிர்மேட்டில் ட்ரூட்ஸ் எல்ட்ஸ் என்னும் முற்றுகைக் கோட்டையை எழுப்பி, அங்கிருந்து கவண்பொறிகளால் கல்லுருண்டைகளை எறியச் செய்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த குடும்பத்தார், இறுதியில் தம் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்துப் பேராயருக்குக் கட்டுப்பட்டவர்களாயினர். வீடு மட்டும் மிஞ்சியது. ஆனால் 1567இல் அதே டிரியர் பேராயர் பீடத்தில் அமர்ந்தவர் யாகோப் ஃபான் எல்ட்ஸ், இந்தக் குடும்பத்துப் பிள்ளை! இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படைகள் ரைன் பகுதிக் கோட்டைகளை வரிசையாகத் தகர்த்தபோது, அப்படையிலேயே அதிகாரியாக இருந்த ஹான்ஸ் அன்டோன் என்னும் உறவினர் 1689இல் இக்கோட்டையைக் காப்பாற்றினார். எருமைக் கொம்புக் கிளை 1786இல் வாரிசின்றி முடிந்தது. 1815இல் பொன் சிங்கக் கிளையின் ஹூகோ ஃபிலிப் வெள்ளிச் சிங்கக் கிளையின் வீட்டையும் விலைக்கு வாங்க, ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலான பாகப்பிரிவினை ஒரே கையில் வந்து சேர்ந்தது.

அவருடைய வழித்தோன்றல்களிடமே கோட்டை இன்றும் இருக்கிறது. எதிர்மேட்டில், மரங்களுக்கிடையே, பேராயரின் முற்றுகைக் கோட்டை இடிந்த சுவர்களாகக் கிடக்கிறது.