சிவப்பு லைஃப்பாயும் ஒரு பூனையும்

போன சனிக்கிழமை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், புரை எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க. சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கிட்டு உட்காருங்க என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. எல்லாம் முடிந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது அம்மாவுக்கு வெயில் தாங்கவில்லை. "இன்னாடா இது, கண்ணுல டார்ச் அடிக்கிற மாதிரி கீது" என்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன், டி.ஃபார்ம் படித்தவன். அம்மாவுக்கு விட்டது ட்ராபிகமைடு, சாயந்திரத்துக்குள் இறங்கிவிடும். இதன் மூத்த அண்ணன் அட்ரோபின். அதை விட்டால் கண்மணி பழைய அளவுக்குச் சுருங்க ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகலாம். ஆட்டோவில் வரும்போது அம்மாவின் கண்ணைப் பார்த்தேன், கருவிழி முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் நூல் மாதிரி ஒரு பழுப்பு வளையம். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு ரூங்கெயின் பூனை ஞாபகம் வந்துவிட்டது.

ஃப்ரீட்லீப் ஃபெர்டினாண்ட் ரூங்கெ என்ற ரசாயன விஞ்ஞானி. 1794-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். வீட்டில் நிறையப் பிள்ளைகள், வசதி கிடையாது. அதனால் பதினாறு வயதில் லூபெக் நகரத்தில் சொந்தக்காரர் ஒருவரின் மருந்துக்கடையில் தொழில் பழகப் போனார். அங்கே அட்ரோபின் இருக்கிற பெல்லடோனா வகைச் செடியின் சாற்றைக் கிண்டிக்கொண்டிருந்தபோது ஒரு சொட்டு கண்ணில் தெறித்து, அந்தக் கண்மணி விரிந்துகொண்டது. கடையில் நிற்கிற பையன்கள் மேலே எது தெறித்தாலும் துடைத்துவிட்டு அடுத்த சீட்டைப் பார்ப்போம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இவர் அதையே பிடித்துக்கொண்டார்.

1819-ல் யேனாவில் படிக்கும்போது இவருடைய ஆசிரியர் டாபரீனர். தனிம அட்டவணைப் பாடத்தில் மும்மை விதி என்று மனப்பாடம் செய்தோமே, அவரேதான். அவர் மூலமாக விஷயம் கவிஞர் கதேயின் காதுக்குப் போக, எனக்குக் காட்டுங்கள் என்று கதே கேட்டுவிட்டார். ரூங்கெயிடம் நல்ல உடுப்பு இல்லை, கோட்டு தொப்பி எல்லாம் இரவல். ஒரு கண்ணில் மருந்து விட்ட பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைவீதி வழியாக நடந்து போயிருக்கிறார். மீன் வாங்கப் போகிற மாதிரிப் பூனையோடு ஒருத்தன் கோட்டு போட்டுக்கொண்டு போனால் நம் கல்மண்டபத்தில் என்ன ஓட்டு ஓட்டுவார்கள், யேனாவிலும் அதேதான் நடந்ததாம். பூனைக்கு ஒரு கண் கீற்றாக, இன்னொன்று வட்டமாக விரிந்து கிடந்ததைப் பார்த்து அசந்துபோன கதே, கிளம்பும்போது ஒரு சின்னப் பெட்டியில் காப்பிக்கொட்டை கொடுத்து, இதையும் ஆராய்ந்து பாருங்கள் என்றிருக்கிறார். அதிலிருந்து வந்ததுதான் கஃபீன். டீக்கடையில் இருப்பதும் அதேதான், எங்கள் கடையில் தலைவலிக்குக் கேட்டு வாங்கிப் போகிற சில மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு சேர்ந்திருப்பதும் அதேதான்.

இந்தக் கதை சுவாரஸ்யமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரூங்கெ என்றாலே எல்லாரும் இந்தக் காப்பிப் பெட்டியோடு நிறுத்திக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. என்னைக் கேட்டால் அந்த மனுஷனின் பெரிய வேலை 1834-ல் நடந்தது, அதுவும் காப்பி மாதிரி வாசனையான பொருளில் இல்லை, தாரில்.

என் அப்பா ஹார்பரில் நிலக்கரி இறக்குகிற வேலை பார்த்தவர். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் கரி எண்ணூருக்குப் போவதற்கு முன்னால் வரைக்கும் ராயபுரம் பக்கம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டவர்களுக்கு இந்தக் கரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா வீட்டுக்கு வரும்போது பல்லும் கண்ணும் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். வாசலிலேயே குந்தி, சிவப்பு லைஃப்பாய் கட்டியைத் தேய் தேய் என்று தேய்த்துக் குளிப்பார். அந்த மருந்து வாசனைதான் எனக்கு அப்பாவின் வாசனை.

அது கார்பாலிக் வாசனை. கார்பாலிக் அமிலம் என்றால் ஃபீனால், அதை முதலில் பிரித்துக் காட்டியது ரூங்கெ. எதிலிருந்து? நிலக்கரியிலிருந்து! விளக்கெரிக்க நிலக்கரியைச் சூடாக்கி வாயு எடுப்பார்கள், அடியில் பிசுபிசுவென்று தார் மிஞ்சும், அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கழிவைத்தான் இவர் காய்ச்சி வடித்தார். அப்பா உடம்பில் படிந்த கரியும் அதைக் கழுவிய சோப்பின் வாசனையும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று கல்லூரியில் படித்த அன்றைக்கு, வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "அப்ப சோப்பு காசு மிச்சம்டா" என்றார். தெருவில் கழுவி விடுகிற கறுப்பு ஃபினாயிலும் இந்தக் குடும்பம்தான்.

அதே தாரில் இன்னொரு பொருளும் கிடைத்தது. பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சேர்த்தால் பளிச்சென்று நீலம் காட்டியது, அதனால் கிரேக்க மொழியில் நீலத்தைக் குறிக்கிற சொல்லை வைத்துக் கயனோல் என்று பெயர் வைத்தார். அவருக்கு முன்பே இன்னொரு ஜெர்மன்காரர் அவுரிச் சாயத்தைக் காய்ச்சி அதே பொருளை எடுத்திருந்தார், ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்பது 1843-ல் தான் உறுதியானது. கடைசியில் நிலைத்த பெயர் அனிலின். அவுரிச் சாயத்துக்குப் போர்ச்சுகீசியர் சொன்ன 'அனில்' என்பதிலிருந்து வந்தது, அது அரபியிலிருந்து, அரபிக்கு இங்கிருந்து போன 'நீல'. கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுக்கிறவர்களுக்காக உண்டான பேட்டையில், சொட்டு நீலம் போட்டு வேட்டி அலசுகிற தெருவில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அனிலினிலிருந்து சாயம் செய்யலாம் என்று ரூங்கெக்குப் புரிந்துவிட்டது. அப்போது அவர் பெர்லினுக்கு வடக்கே ஒரானியன்பர்க்கில், ஒரு பழைய அரண்மனைக்குள் நடந்த ரசாயனத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தார். தார்ச் சாயம் போடலாம் என்று நிர்வாகத்திடம் சொன்னார், அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது வருஷம் கழித்து, 1856-ல், லண்டனில் பதினெட்டு வயசுப் பையன் பெர்கின் அனிலினை வைத்துக் கத்தரிப்பூ நிறச் சாயம் செய்தான், விக்டோரியா ராணியே அந்த நிறத்தில் உடுத்தினார், சாயத் தொழில் மொத்தமும் தலைகீழானது. ரூங்கெயை அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே, 1852-ல், வேலையை விட்டு அனுப்பியாகிவிட்டது. ஓய்வூதியத்திலும் இழுபறி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, கையில் காசும் இல்லை.

ஆனால் மனுஷன் மூலையில் உட்காரவில்லை. வடிதாளில் ஒரு ரசாயனக் கரைசலைச் சொட்டி, அது காய்ந்ததும் மேலே இன்னொன்றைச் சொட்டினால், வளையம் வளையமாக நிறங்கள் பிரிந்து பூ மாதிரி விரியும். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸை மையில் நிறுத்தி நிறம் ஏறுவதைப் பார்ப்போமே, அந்த ஜாதி. அப்படித் தாள் தாளாகச் செய்து, அச்சிட்ட படமாக இல்லாமல் அந்தத் தாள்களையே ஒட்டி 1855-ல் புத்தகம் போட்டார். கலவையைப் பிரித்துக் காட்டுகிற, பின்னால் வந்த குரோமட்டோகிராஃபி முறைக்கு இது முன்னோடி என்கிறார்கள், எனக்கென்னவோ அவர் அழகுக்காகவே செய்த மாதிரித்தான் படுகிறது. அப்புறம் வீட்டு வேலைகளைப் பற்றிக் கடித வடிவில் ஒரு புத்தகம், பூனைக் கதையை அவர் சொன்னது அதில்தான். 1867 மார்ச்சில் ஒரானியன்பர்க்கிலேயே இறந்துபோனார். கார்பாலிக் அமிலத்தால் காயத்தைச் சீழ் பிடிக்காமல் காப்பாற்றலாம் என்று அறுவை சிகிச்சை டாக்டர் லிஸ்டர் எழுதி வெளியிட்டதும் அதே 1867.

இதையெல்லாம் அம்மாவிடம் ஆட்டோவில் ஆரம்பித்து வீட்டில் முடித்தேன். முந்தானை விலகாமலே கேட்டுக்கொண்டிருந்தார். சாயந்திரம் ஆறரை மணி வாக்கில் காலண்டர் தேதி தெரிகிறது என்றார். காப்பி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "அந்தப் பூனைக்குக் கண்ணு சரியாச்சா?" என்று கேட்டார்.

"மருந்து எறங்குனா தானா சரியாயிடும்மா. உனக்கு ஆன மாதிரி."

"எத்தினி நாளு?"

"அதுக்கு விட்டது ஸ்ட்ராங்கு. நாலஞ்சு நாள் ஆயிருக்கும்."

"பாவம்" என்று சொல்லிவிட்டு மீதிக் காப்பியைக் குடித்தார்.