பிரசவத்துக்கு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறீர்களா? பிக்மி எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். பிறப்புச் சான்றிதழ் சரியான பெயரோடு இந்த வாரம்தான் கைக்கு வந்தது. அந்த ஒரு காகிதத்துக்காக எங்கள் ஊரான தங்கச்சிமடத்துக்கும் மனைவியின் தாய்வீடு இருக்கிற தொண்டிப் பக்கத்துக்கும் நடுவே அலைந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தலைப்பிரசவத்துக்கு மனைவியை அனுப்பப்போகிற தம்பிமார் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மாசமானது தெரிந்ததும் எங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்தோம். அப்போது கிடைக்கிற கர்ப்பப் பதிவு எண்தான் பிக்மி எண். 12 வாரத்துக்குள் பதிந்துவிட்டதால் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் சேர்த்தே எழுதினார்கள் (மொத்தம் 18,000 ரூபாய், அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம்). வங்கிக் கணக்கு மனைவி பெயரில், ஆதார் இணைத்ததாக இருக்க வேண்டும். இதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மனைவி தாய்வீட்டுக்குப் போனார். வினை அங்கேதான் ஆரம்பம். அந்த ஊரில் பரிசோதனைக்குப் போனபோது, பழைய பிக்மி எண்ணைக் கேட்டு வாங்காமல் புதிதாக இன்னொரு பதிவு போட்டுவிட்டார்கள். என் பெயரை மாமியிடம் வாய்மொழியாகக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டியிருக்கிறார்கள். இனிஷியல் மாறிவிட்டது, பெயரின் கடைசி எழுத்தைக் காணோம். இங்கே பிறப்பைப் பதிவு செய்யவே பிக்மி எண் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் புது எண்ணைத்தான் மருத்துவமனையில் கொடுத்தார்கள். தப்பான பெயர் அப்படியே சான்றிதழ் வரைக்கும் போய்விட்டது.

பிள்ளை பிறந்த இரவு நான் கடலில் இருந்தேன். பக்கத்துப் படகிலிருந்து வாக்கி டாக்கியில் சேதி சொன்னார்கள். கரைக்கு வந்து, ராமநாதபுரத்தில் பஸ் மாறி, தேவிபட்டினம் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் மருத்துவமனைப் படிவத்தில் மச்சான் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மச்சானைக் குறை சொல்ல மாட்டேன். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டினால் யாரும் போடத்தான் செய்வார்கள். படித்துக் காட்ட வேண்டியது நீட்டியவர் வேலை.

கடல் தொழில் செய்கிறவர்கள் இதை இப்போதே செய்துவையுங்கள். உங்கள் ஆதார், மனைவி ஆதார், பிக்மி எண், குடும்ப அட்டை எல்லாவற்றையும் ஒரே தாளில் நகல் எடுத்து, கீழே உங்கள் பெயரை ஆதாரில் உள்ளபடி ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, தாய் சேய் நல அட்டைக்குள் சொருகிக் கொடுத்துவிடுங்கள். போனில் அனுப்பினால் போதாது, அவசரத்தில் போன் யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. தாய்வீட்டு ஊரில் "ஏற்கெனவே எண் இருக்கு, புதுசா போடாதீங்க" என்று முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள்.

சான்றிதழில் பிழையைப் பார்த்ததும் அங்குள்ள பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் தாளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்க ஊர்லயே போய் மாத்திக்கப்பா" என்றார். தொழிலை விட்டுவிட்டு ஊருக்கு வந்து விசாரித்தால், குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு, திருத்தமும் அங்கேதான் என்றார்கள். அது சரியான பதில். 1969ஆம் வருட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. அப்பா அம்மா எந்த ஊர் என்பது கணக்கில்லை. இது அந்த மேசைக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்?

மறுபடி போனேன். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததைத்தான் ஏத்தினோம், அங்க கேளு." மருத்துவமனையில் கேட்டால், "நாங்க அனுப்பிட்டோம், இனி அவங்கதான்." அன்றைக்கு முழுக்க இரண்டு வாசலுக்கும் நடந்ததுதான் மிச்சம்.

அடுத்த முறை மனுவாக எழுதிக்கொண்டு போனேன். "சார், முடியாதுன்னா காரணத்தை இந்த மனுவிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று தன்மையாகக் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவர் மனுவை முதல் தடவையாக முழுசாகப் படித்தார். உள்ளே எடுத்துக்கொண்டு போனார். சுகாதார ஆய்வாளர் வெளியே வந்து, சட்டத்தின் 15ஆவது பிரிவில் திருத்தத்துக்கு வழி இருக்கிறது, என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்: பெயர் எழுதியதில் பிழை என்று மருத்துவமனையின் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டு பேர் ஆதார், பழைய சான்றிதழ். இந்தப் பட்டியலை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை நாள் கூலி போயிருக்காது. அப்புறம் வேலை நடந்துவிட்டது.

இன்னொன்று. பிள்ளைக்குப் பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட்டு ஏதோ ஒன்றைக் கொடுக்காதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும், பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குப் பிறந்த தேதி ஆதாரமே இந்தச் சான்றிதழ்தான். ஒரு எழுத்துப் பிழையானாலும் விடாதீர்கள்.

காகிதம் போகட்டும், பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது சேனை தொட்டு வைக்க (பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பு வைக்கிற வழக்கம்) சீனித்தண்ணி தயாராக இருந்தது. பெரியவர்கள் ஆசை, சண்டை போடவும் முடியாது. "மாமி, நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்" என்று அவரை வார்டுக்குள் அனுப்பினேன். சீம்பால்தான் பிள்ளைக்கு முதல் மருந்து, ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்று செவிலியர் சொன்னதை மாமி அப்படியே ஏற்றுக்கொண்டார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். இந்த மாதிரி விஷயங்களுக்கு செவிலியர் வாயைப் பயன்படுத்துங்கள். பத்தியத்துக்குக் காரலும் பால்சுறாவும் கொண்டுபோய்க் கொடுத்ததில் மாமிக்கு ஏகச் சந்தோஷம், அது வேறு.

மூன்றாம் நாள் பிள்ளைக்கு முகம் மஞ்சளடித்தது. காலை வெயிலில் காட்டினால் போதும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வெயிலை நம்பி இருக்காதீர்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், காலுக்கும் உள்ளங்காலுக்கும் இறங்கினாலும், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலும் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். எங்கள் பிள்ளையை நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். கண்ணில் வெள்ளைத் துணி கட்டி, டயப்பரோடு மட்டும் படுத்திருந்தாள், சின்ன விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டு. மனைவி அழுதுகொண்டே இருந்தார். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பால் கொடுக்கும் நேரத்துக்குப் பிள்ளையை எடுத்துக் கொடுத்து, ஒன்றுக்குப் போனதைக் குறித்துக்கொள்வது தகப்பன் செய்ய வேண்டிய வேலை. "ஆம்பளைக்கு இங்க என்ன வேலை" என்று யாராவது கேட்டால் எழுந்து போய்விடாதீர்கள்.

அரசு மருத்துவமனைப் பிரசவம் என்றால் வீடு திரும்ப 102 வண்டி இலவசம். டாக்ஸிக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள், அவர்களாகச் சொல்வதில்லை.

இப்போது அடுத்த தலைவலி தடுப்பூசி. கிராமத்தில் ஊசி போடுவது புதன்கிழமை, எங்கள் விசைப்படகுக்கும் புதன்கிழமை தொழில் நாள். 10ஆவது வார ஊசிக்கு நானே தூக்கிக்கொண்டு போவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஒரு நடைப் பங்கு போகும், போகட்டும். அட்டையில் அப்பா பெயர் இன்னும் பழைய பிழையோடுதான் இருக்கிறது, திருத்திய சான்றிதழின் நகலைக் கையோடு கொண்டுபோய் அதையும் மாற்றச் சொல்ல வேண்டும்.