நகராத இடங்கள்

ஊட்டியின் பழைய வரைபடம் ஒன்றை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன் மடிக்கணினியில் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான். "இனி உங்கள் வேலைதான் அத்தை. அன்றைக்கும் இருந்த, இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிற நாலைந்து புள்ளிகளைச் சொல்லுங்கள்" என்றான்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. படத்தில் பளிச்சென்று தெரிவது ஏரி. ஆனால் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்த அந்த ஏரி, பின்னாளில் சுருங்கிக்கொண்டே வந்தது. அதன் கரையை நம்பினால் ஊரே இடம்பெயர்ந்துவிடும். ரயில் நிலையம்? மலை ரயில் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு வந்ததே 1908-இல். என் படம் அதற்கும் முந்தியது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், நகராதுதான். ஆனால் வரைந்தவர் மலையைக் கோடு கோடாக நிழலிட்டிருக்கிறார். அந்த நிழலுக்குள் உச்சி எந்தப் புள்ளி என்று நான் எதை வைத்துச் சொல்வது?

கடைசியில் கட்டடங்களிடம் போனேன். 1829-இல் அடிக்கல் நாட்டிய செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் தேறியது. அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் சல்லிவனின் கல் பங்களாவும் தேறியது. மற்றவற்றுக்கு மழையில் குடையுடன் சுற்றினேன். வகுப்பில் இத்தனை வருடம் தேதிகளை ஒப்பிக்க வைத்ததைவிட, மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்திருக்கலாம்.

மூன்று புள்ளிகளைக் கொடுத்ததும், தாளை வளைக்காமல் நகர்த்தி, திருப்பி, நீட்டிப் பொருத்தும் முதல்படிப் பல்லுறுப்புக் கணக்கில், பிழை பூஜ்ஜியம் என்று மென்பொருள் காட்டியது. நான் மகிழ, அவன் சிரித்தான். அந்தக் கணக்குக்குக் குறைந்தபட்சத் தேவையே மூன்று புள்ளிதான். அவற்றை அது எப்படியும் கச்சிதமாகப் பொருத்திவிடும். நான்காவது புள்ளி வந்த பிறகுதான் பிழை வெளியே தெரியும். தின் பிளேட் ஸ்ப்ளைன் என்று இன்னொரு முறை உண்டு. அது எல்லாப் புள்ளிகளையும் சரியாக உட்கார வைப்பதற்காக இடையிலுள்ள தாளை ரப்பரைப் போல இழுத்து வளைத்துவிடும். படம் அழகாகப் பொருந்தும். பழைய அளவையாளர் எங்கே சறுக்கினார் என்ற தடயமும் அதோடு போய்விடும். எனக்கு அந்தச் சறுக்கல் வேண்டும். எனவே பிழையின் எண் கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை என்று முதல் முறையிலேயே நின்றுவிட்டேன்.

பொருத்தி முடித்துப் பழைய படத்தைப் பாதி ஊடுருவித் தெரியும்படி வைத்ததும், பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் ஏரிக்குள் கிடந்தன. ஊர்க்காரர்கள் வாய்வழியாகச் சொல்வதுதான். ஆனாலும் எந்த ஓரம் எதுவரை என்று கோடு போட்டுப் பார்க்கும்போது அது வேறு சங்கதி. நகராட்சிக் கூட்டத்தில் மேசைமேல் விரித்து வைக்கலாம்.

புள்ளிகளை மென்பொருள் தனிக் கோப்பாகச் சேமித்துக்கொள்கிறது. அதில் எண்கள் மட்டும்தான் இருக்கும், காரணம் இருக்காது. அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே ஏன் எடுத்தேன், எதை ஏன் விட்டேன் என்று எழுதி வருகிறேன். "இதையெல்லாம் யார் அத்தை கேட்கப்போகிறார்கள்?" என்கிறான். அடுத்துக் கோத்தகிரிப் படத்தை எடுக்கும்போது நானே கேட்பேன்.